தேக்கிலும் குமிழிலும் கட்டிய பேஸ் கிட்டார் தகராறு செய்தால்

ரங்கூனில் பேஸ் கிட்டார் உடலுக்கு ஆஷ் மரமும் ஆல்டர் மரமும் கேட்டால் மரக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது உடலை ஆஷ் மரத்தில் செய்தார் என்றால், அது அவர் நாட்டு மரம். நம் கைக்கு எட்டுவது தேக்கு, வேங்கைக்குப் பங்காளியான படாக், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகக் கிடந்த பிங்காடோ, பர்மியர் யமனே என்று சொல்லும் குமிழ், ரப்பர் மரம். மழையில் ஊறிப் பிளந்த ஒட்டுப்பலகை உடலைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய கழுத்தையும் பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பிரிட்ஜையும் (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாலம்) இந்த மரங்களில் ஒன்றில் செதுக்கிய புதிய உடலில் ஏற்றுவதுதான் என் வேலை. கோயில் திருவிழாவில் மெல்லிசை வாசிப்பவர்களும் தேவாலயப் பையன்களும் கொண்டுவருவார்கள். அவற்றில் பாதி ஆறு மாதத்தில் திரும்பி வரும். வரும் குறைகள் திரும்பத் திரும்ப அதே குறைகள்தாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

பழியை முதலில் மரத்தின் மேல் போடாதீர்கள். ஓசை சரியில்லை என்று வருபவற்றில் பெரும்பாலானவை கம்பி, பிக்கப் உயரம், மின்கம்பி இணைப்பு ஆகியவற்றில் முடிந்துவிடுகின்றன. மரம் உண்மையாகவே செய்யும் குற்றங்கள் மூன்று: ஈரம், எடை, எண்ணெய். கீழே உள்ளவற்றை அந்தக் கண்ணோடு படியுங்கள். கையில் ஓர் இரும்பு அளவுகோல், ஆலன் சாவி, மல்டிமீட்டர், சமையலறைத் தராசு இருந்தால் போதும்.

## கம்பி ஃபிரெட்டில் பட்டுக் கரகரக்கிறது

முதலில் சுருதி சேருங்கள். நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். சுருதி இறங்கியிருந்தால் அந்த இழுப்பும் குறைந்து கழுத்து வேறு வடிவத்தில் நிற்கும். அப்போது அளந்த அளவு எதற்கும் உதவாது.

அடுத்து, தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று), கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃபிரெட் அருகே கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் 0.3 மி.மீ. அளவு இடைவெளி வேண்டும். ஒரு முகவரி அட்டை இலேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் மட்டும் கரகரப்பு, அட்டை நுழையவில்லை: கழுத்து அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. டிரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை, இடப்பக்கம் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

கம்பிகள் உயர்ந்து நிற்கின்றன, அட்டை தாராளமாகப் போகிறது: வலப்பக்கம் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். மழை தொடங்கும் மே மாதக் கடைசியிலும் மழை நிற்கும் நவம்பரிலும் இந்தக் கால் சுற்று எப்படியும் தேவைப்படும். எந்தப் பக்கம் என்பது கழுத்துக்குக் கழுத்து மாறுகிறது.

அட்டை சரியாக நுழைகிறது, ஆனால் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் கரகரப்பு: கழுத்து உட்காரும் குழியைப் பாருங்கள். மாற்று மரத்தில் புதிதாக உடல் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். கழுத்தைப் பிடிக்கும் நான்கு திருகுகளும் உடலின் துளைகளில் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். அவற்றின் புரி கடிக்க வேண்டியது கழுத்தை மட்டுமே. உடலின் துளையும் இறுக்கமாக இருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி நின்றுவிடும். பிங்காடோ உடலில் இதை அடிக்கடி காண்கிறேன். காரணம் எளிது: அந்தக் கெட்டி மரத்தில் பெரிய துளை போடச் சோம்பல். உடலின் துளையை அரை மி.மீ. அகலப்படுத்தினால் தீர்ந்தது. குழியின் அடியில் வார்னிஷ் கட்டியோ மரத்தூளோ இருந்தாலும் இதே கதைதான், உளியால் சுரண்டிவிடுங்கள்.

டிரஸ் ராட் அசையவே இல்லை, அல்லது எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போகிறது என்றால் நிறுத்துங்கள். கழுத்தைத் தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது இரு ஓரங்களும் இணையாக ஓடாமல் முறுக்கிக்கொண்டு தெரிந்தாலும் நிறுத்துங்கள். இரண்டும் கழுத்து வேலை தெரிந்தவரிடம் போக வேண்டியவை. ஃபிரெட்டுகளைச் சமன் செய்வதும் அப்படியே. கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் பழைய கழுத்து ஒன்றைப் பாழாக்கிக் கற்றுக்கொள்ளுங்கள்.

## ஃபிரெட் முனை கையைக் கிழிக்கிறது

ரங்கூனில் மழைக்காலத்தில் விரற்பலகை மாற்றிய பேஸ் ஒன்றை ஒரு பாடகர் குழுத் தம்பி ஜனவரியில் மாந்தளைக்கு எடுத்துப் போனான். அது பர்மாவின் வறண்ட வட்டாரம். திரும்பி வந்தவன் கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிக் காட்டி, இரம்பம் போல இருக்கிறது மாமா என்றான். உண்மையில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு ஃபிரெட்டின் நுனியும் மரத்தை விட்டு ஒரு தாள் கனம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஃபிரெட் வளரவில்லை, படாக் விரற்பலகைதான் அகலத்தில் சுருங்கியிருந்தது.

உடனே அரம் எடுக்காதீர்கள். ரங்கூனுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆனதும் பாதி நீட்டல் தானாக உள்ளே போய்விடும். மிச்சமிருப்பதை வறட்சி மிகுந்த மாதத்திலேயே, பிப்ரவரியில், தட்டை அரத்தை ஓரத்தோடு படுக்க வைத்துத் தேயுங்கள். ஆகஸ்டில் தேய்த்தால் அடுத்த பனிக்காலத்தில் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும்.

காரணம் எப்போதும் காயாத மரம். மரக்கடையில் காய்ந்தது என்று சத்தியம் செய்வார்கள். வீட்டுச் சோதனை எளிது: பலகையைத் தராசில் வைத்து எடையைப் பலகையின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். காற்றோடும் நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை நின்றால் அது சுற்றியுள்ள காற்றோடு சமாதானம் செய்துகொண்டது என்று பொருள். இந்தக் கணக்கை மழைக்காலத்தில் போடாதீர்கள். ஈரக் காற்றோடு சமாதானம் செய்துகொண்ட மரம் நமக்கு உதவாது.

பலகையில் நீளவாக்கில் வெடிப்பு விழுந்துவிட்டால், அல்லது கழுத்திலிருந்து விரற்பலகை விளிம்பு எழும்பினால், அரத்தால் ஆகாது. பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அது கடைக்காரர் வேலை.

## உடலின் நடு ஒட்டு பிளக்கிறது

தேக்கு உடல் செய்தவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

34 செ.மீ. அகலத்துக்கு ஒரே தேக்குப் பலகை கிடைப்பது அரிது. இரண்டோ மூன்றோ ஒட்டித்தான் செய்கிறோம். வீடு இடித்த இடத்துச் சன்னல் சட்டங்களில் நான் ஓர் உடல் செய்தேன். நன்கு முதிர்ந்து வைரம் பாய்ந்த மரம். எத்தனையோ ஆண்டுக் காய்ச்சல். வெள்ளை மரப்பசை போட்டு ஓர் இரவு இறுக்கி வைத்தேன். மழைக்காலம் முழுதும் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் ஓர் இரவு, சுவரில் சாத்தியிருந்த கிட்டாரிலிருந்து டக் என்று ஓர் ஓசை, நகத்தைச் சொடுக்கினாற்போல. காலையில் பார்த்தால் பிரிட்ஜுக்குக் கீழே நடு ஒட்டில் ஒரு கோடு. சவர பிளேடு விரலளவு உள்ளே போயிற்று.

பிளேடு எவ்வளவு தூரம் போகிறது என்பதை முதலில் பாருங்கள்.

கீழ் நுனியில் மட்டும் ஓர் அங்குலம்: முனை மரம் வேகமாக உலர்ந்து இழுத்திருக்கிறது. சூடேற்றி இளக்கிய எபாக்ஸியைப் பிளேடால் உள்ளே தள்ளி, மெதுவாக இறுக்கி, ஒரு நாள் விடுங்கள்.

ஒட்டு நெடுக: இரண்டு துண்டையும் முழுதாகப் பிரித்துவிடுங்கள், மனம் வராது, ஆனாலும் பிரியுங்கள். பிரித்த முகங்களை வெயிலில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை தன் கடமையைச் செய்திருக்கிறது, மரம்தான் கிழிந்திருக்கிறது. ஈரம் மாறியதில் வந்த வினை. ஒரு பக்கம் பசைத்தோல் கண்ணாடி போல மின்னிக்கொண்டு, மறுபக்கம் வெறும் மரமாக இருந்தால் பசை பிடிக்கவே இல்லை. என்னுடையது இரண்டாவது வகை. தேக்கின் எண்ணெய்ப்பசை மேற்பரப்புக்கு வந்து படிந்துவிடுகிறது. முந்தின நாள் இழைத்து வைத்த முகத்தை அப்படியே ஒட்டினேன், அதுதான் பிழை.

சரிசெய்யும் முறை: ஒட்டும் முகத்தை அன்றே, அந்த நேரமே இழையுங்கள். அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணி பழுப்பாகும். மறு துணி எடுத்து, பழுப்பு ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். ஈரம் பறந்ததும் காலம் தாழ்த்தாமல் எபாக்ஸி பூசுங்கள். கிளாம்பை வெறித்தனமாக முறுக்க வேண்டாம். எபாக்ஸி முழுதும் பிதுங்கி வெளியேறினால் உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சன்னல் சட்ட மரமானால் இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலெல்லாம் ஓட்டுங்கள். உடைந்த ஆணியின் நுனி இழைப்புளியின் வாயைத் தின்றுவிடும். தேக்கு சும்மாவே கருவிகளின் கூர்மையைத் தின்னும் மரம். அதில் மணல் போலச் சிலிக்கா இருக்கிறது.

பிளவு கழுத்துக் குழியைக் கடந்தாலோ பிரிட்ஜின் திருகுகளுக்கு நடுவே ஓடினாலோ வீட்டில் ஒட்டாதீர்கள். நீளமான இழைப்பு இயந்திரம் உள்ள தச்சுப்பட்டறைக்குப் போங்கள். அங்கே இழைத்து ஒட்டியபின் அகலம் மூன்று மி.மீ. குறையும், பிக்கப் குழி அந்த நடுக்கோட்டில் இருந்தால் அதையும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

## பூச்சு காயவில்லை, அல்லது நிறம் கசிகிறது

வெள்ளைப் புகை போலப் படர்ந்திருக்கிறது: ஈரக் காற்றில் லாக்கர் அடித்திருக்கிறீர்கள். மழையில்லாத நாளில் தின்னரை மெல்லிசாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

மூன்று நாளாகியும் பெருவிரல் ரேகை பதிகிறது: அடியில் தேக்கோ படாக்கோ இருந்தால் மரத்தின் எண்ணெய் பூச்சைக் காய விடவில்லை. இன்னொரு கை பூசி மூடலாம் என்று நினைக்காதீர்கள். சுரண்டி எடுத்து, அசிட்டோனால் துடைத்து, மெழுகு நீக்கிய அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு மெல்லிய கை பூசுங்கள். அதன் மேல் எதை வேண்டுமானாலும் பூசலாம்.

வெளிறிய மரத்தில் செம்மஞ்சள் கறை: படாக்கின் சாயம். அதை ஸ்பிரிட் துணியால் குறுக்கே துடைத்ததால் வந்தது. அவலரக்கே இதற்கும் மருந்து, ஆனால் முதல் கையைத் துணியால் தேய்க்காமல் தெளித்துப் பூச வேண்டும். படாக்கின் ஆரஞ்சு நிறம் வெளிச்சத்தில் ஓரிரு ஆண்டில் பழுப்பாகும்; அது குறையன்று.

பர்மாவின் பகான் ஊரில் பாத்திரங்களுக்குப் பூசும் கருநிற மரப்பால் அரக்கைப் பேஸ் உடலுக்குப் பூசியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அது ஈரக் காற்றில்தான் இறுகும், ஆகையால் ரங்கூன் மழைக்கு அதுவே பொருத்தம் என்று அவர் வாதம். வாதம் சரி. ஆனால் பச்சையாக அது தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். அவர் முழங்கையே சாட்சி.

## திருகு பிடிக்கவில்லை, அல்லது திருகு முறிந்துவிட்டது

மென்மரத்துக்கும் வன்மரத்துக்கும் எதிரெதிர் வியாதி.

குமிழ மர உடலில் தோள்வார் மாட்டும் பொத்தானும் பிரிட்ஜும் பிடுங்கிக்கொண்டு வரும். தீக்குச்சியும் பசையும் வைத்துத் திருகுவது தோள்வாருக்குச் சில மாதம் தாங்கும், பிரிட்ஜுக்குச் செய்யாதீர்கள். துளையை எட்டு மி.மீ. ஆக்கி, தேக்குத் துண்டால் அடைத்து, புதுத் துளை போடுங்கள். கடையில் விற்கும் உருளைக் குச்சி வேண்டாம்: அதில் இழை நீளவாக்கில் ஓடுவதால் திருகு இழையின் முனையில் கடிக்கும், பிடிப்பு குறைவு. பலகையின் முகத்திலிருந்து குறுக்காக வெட்டிய அடைப்பே நிற்கும்.

பிங்காடோவில் திருகின் தலைதான் முறியும். திருகின் நடுத்தண்டு எவ்வளவு தடிமனோ அதே அளவுத் துளை போட்டு, புரியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, முதலில் ஓர் எஃகுத் திருகை ஏற்றி இறக்குங்கள். அதன்பின் பளபளக்கும் திருகைப் போடுங்கள். முறிந்ததை எடுக்கக் குழாய் வடிவத் துளைப்பான் வேண்டும். அது இல்லாதவர் இடுக்கியால் சுற்றிக் கிளறினால் பள்ளம்தான் மிச்சம்.

## தலை தாழ்கிறது, அல்லது தோள் வலிக்கிறது

ஆல்டரில் இரண்டு கிலோ வரும் அதே வடிவ உடல், தேக்கில் மூன்று கிலோ, படாக்கில் நான்கை நெருங்கும், பிங்காடோவில் நாலரையைத் தாண்டும். கழுத்தும் இரும்புச் சாமான்களும் சேர்த்தால் இன்னும் இரண்டு கிலோ அளவு. பிங்காடோ பேஸை மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரத் திருவிழாக் கச்சேரி வாசித்த தம்பி மறுநாள் என்னிடம் பேசவே இல்லை.

குமிழ் நேர்மாறு. இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும். இடையன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி வில்யாழ் மீட்டியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. இலேசான மரம் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் அவன் யாழுக்கு நான்கு இரும்பு முறுக்காணி இல்லை. நம் பேஸுக்கு இருப்பதால் கையை விட்டவுடன் தலை தரையைப் பார்க்கும்.

தலை தாழ்ந்தால்: முதலில் எட்டு செ.மீ. அகலமுள்ள, உட்புறம் சொரசொரப்பான தோல் வார். போதவில்லையென்றால் மேற்கொம்பின் வார்ப் பொத்தான் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். உட்புறம் தள்ளியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். கடைசிச் செலவு, எடை குறைந்த முறுக்காணிகள். உடலின் பின்பக்கத்தில் ஈயம் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. இலேசான மரத்தைத் தேடிப் போனதே வீண் என்றாகிவிடும்.

தோள் வலித்தால்: அகல வார், அதன் பிறகு முகப்புத் தகட்டுக்கு அடியில் மரத்தைக் குடைவது. பிரிட்ஜுக்கு அடியிலும் கழுத்துக் குழியைச் சுற்றியும் கை வைக்கக் கூடாது. பிங்காடோவில் இதைக் கைக்கருவியால் செய்ய நினைக்காதீர்கள். மரம் குடையும் ரூட்டர் இயந்திரம் உள்ளவரிடம் கொடுங்கள்.

## ஒரு சுரம் மட்டும் உடனே செத்துவிடுகிறது

பெரும்பாலும் மெல்லிய ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட்டுக்குள். புது உடல் போட்டபின் கண்ணில் படுவதால் உடலைத் திட்டுவார்கள். புதுக் கம்பி போட்டுப் பாருங்கள். அந்த ஃபிரெட்டை விரலால் அமுக்கி ஆடுகிறதா என்று பாருங்கள். பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். மூன்றும் பயன் தராவிட்டால் தலைப்பகுதியில் துணி சுற்றி ஒரு சிறிய கிளாம்பை மாட்டுங்கள். செத்த இடம் வேறு ஃபிரெட்டுக்கு நகர்ந்தால் அது கழுத்தின் இயல்பு அதிர்வு. தலையின் பின்புறம் ஒரு பித்தளைத் தகடு வைத்து, அதிகம் வாசிக்காத சுரத்துக்கு அதைத் தள்ளிவிடலாம். முழுதாக ஒழிக்க முடியாது.

## ரீங்காரம்

கம்பியைத் தொட்டால் ரீங்காரம் அடங்குகிறதா? அப்படியானால் இணைப்பு சரி, குழிகளுக்குச் செப்புத்தாள் ஒட்டினால் இன்னும் குறையும். தொட்டாலும் அடங்கவில்லையா? மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கின் வெளி உலோகத்திலும் வையுங்கள். ஏறக்குறைய சுழியம் ஓம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் புதிய உடலில் பிரிட்ஜுக்குப் போகும் தரைக்கம்பிக்குத் துளை போட மறந்துவிட்டீர்கள். நானே இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

நின்ற இடத்திலேயே திரும்பும்போது ஓசை கூடிக் குறைந்தால் அறையிலுள்ள குழல்விளக்கோ இன்வெர்ட்டரோ காரணம், கிட்டாரைத் திறக்காதீர்கள்.

கம்பியைத் தொட்டுக்கொண்டு ஒலிவாங்கியில் உதடு படும்போது சுரீர் என்கிறதா? உடனே எல்லாவற்றையும் அணையுங்கள். நம் பழைய கட்டடங்களில் இரு துளைப் பிளக்குதான். தரை இணைப்பு இருக்காது. இதற்குக் கிட்டார்க்காரர் தேவையில்லை, மின்பணியாளர் தேவை. அவர் வந்து பார்க்கும்வரை வாசிக்க வேண்டாம்.

## உடலிலிருந்து மாவு கொட்டுகிறது

ரப்பர் மரம், மாமரம் இரண்டிலும் வரும். தேக்கின் வைரத்தில் வராது. வெளிறிய ஓரப்பகுதியைச் சேர்த்து வெட்டியிருந்தால் தேக்கிலும் வரலாம். குண்டூசித் தலையளவு துளை, அதன் கீழே தாழம்பூ மகரந்தம் போல மாவு.

கறுப்புத் தாளை விரித்து அதன் மேல் உடலை ஒரு வாரம் வையுங்கள். தாள் சுத்தமாக இருந்தால் வண்டு எப்போதோ போய்விட்டது; துளையை மெழுகால் அடையுங்கள். புது மாவு விழுந்தால் உள்ளே குடியிருக்கிறது. மண்ணெண்ணெயை ஊசியால் ஏற்றுவது எங்கள் தெருப் பழக்கம். அதன் பிறகு எந்தப் பூச்சும் அங்கே ஒட்டாது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

கழுத்தையும் மின்சாமான்களையும் கழற்றி, உடலைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். தெரிந்த ஐஸ்கிரீம் கடைக்காரர் இருந்தால் கேளுங்கள். மின்வெட்டு நீண்டு பெட்டி இளகிவிட்டால் நாள்களை முதலிலிருந்து எண்ண வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பாலித்தீனைப் பிரிக்காதீர்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த மரத்தின் மேல் காற்றின் ஈரம் வியர்த்துவிடும்.

கழுத்துக் குழியின் சுவரில் துளைகள் நெருக்கமாக இருந்தால், பென்சில் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அந்த உடலை விட்டுவிட்டு, கழுத்தையும் பிக்கப்பையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். அதே சுவரில் சாத்தியிருந்த மற்றக் கருவிகளுக்குக் கீழேயும் கறுப்புத் தாளை விரித்து வையுங்கள்.